துறைமுக மைதானத்தின் தலைவர்

கிண்ணியா
11 பெப்ரவரி 2018

உரிமையாளர்,
மலர் படகு வேலைத்தளம்,
சீனன்குடா.

அம்மணி,

கிண்ணத்தைத் திருப்பி அனுப்புதல்

துறைமுக வட்டாரத் துடுப்பாட்டச் சங்கம் நடத்திய கடினப்பந்துக் கிரிக்கெட் சுற்றுப்போட்டிக்குத் தாங்கள் அன்பளிப்புச் செய்த கிண்ணத்தை இத்துடன் கொடுத்தனுப்புகிறோம். தோற்ற கோபத்தில் அனுப்புகிறோம் என்று நினைக்கவேண்டாம். வென்றதே எங்கள் அலைவீச்சுக் கழகம்தான்.

கிண்ணத்தின் முன்பக்கத்தில் தங்கள் வேலைத்தளத்தின் பெயர் இருக்கிறது. அதன் கீழே தங்கள் பெயர். அதற்கும் கீழே ஒரு படகு. வென்ற கழகத்தின் பெயரைப் பொறிக்க அடிப்பாகத்தில்தான் இடம் விட்டிருக்கிறார்கள். மேசையில் வைத்தால் அது மேசைக்குத்தான் தெரியும்.

இறக்கக்கண்டியிலிருந்து புல்மோட்டை வரை கரையில் கிடக்கும் பைபர் படகுகளில் பாதி தங்களுடையவை. கணவர் மறைந்த பிறகு அந்த வேலைத்தளத்தைத் தனியாளாக வளர்த்தெடுத்தவர் என்று எங்கள் மீனவர்கள் தங்களைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். அப்படிப்பட்டவருக்குக் கிண்ணத்தில் விளம்பரம் எதற்கு என்று எங்களுக்கு விளங்கவில்லை.

இங்ஙனம்,
ஏ. எம். ஹஸ்மி
செயலாளர், அலைவீச்சு விளையாட்டுக் கழகம்
(விஞ்ஞான ஆசிரியர்)


சீனன்குடா
19 பெப்ரவரி 2018

ஹஸ்மி சேர்,

கிண்ணம் வந்தது. பொறித்தவன் கடைக்காரன். நான் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். பார்த்திருந்தாலும் அப்படியே அனுப்பியிருப்பேன். என் பெயரை நான் சும்மா சம்பாதிக்கவில்லை.

ஆனால் உங்கள் கடிதம் எனக்குக் கோபமூட்டியது. எதற்காக இந்த மனிதர்கள் இவ்வளவு ரோசப்படுகிறார்கள் என்று பார்க்க நேற்றுப் பின்னேரம் உட்துறைமுகப் பக்கத்து மைதானத்துக்குப் போனேன். ஆடுகளத்துக்காக நடுவில் விரித்திருந்த மெட் விரிப்புக் கிழிந்து கிடந்தது. ஆண்பிள்ளைகள் அதில் ஆடினார்கள். பெண்பிள்ளைகளை மதிலுக்கு வெளியே, லொறிகள் நிறுத்துகிற இடத்தில் விட்டிருந்தார்கள். முழுக்கைச் சட்டையும் தலையில் முக்காடுமாக ஒரு பிள்ளை எண்ணெய்ப் பீப்பாவுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பந்தும் பீப்பாவின் ஒரே இடத்தில் பட்டது.

சங்கத்து ஆள் ஒருவரிடம், “ஏன் இந்தப் பிள்ளையளுக்கு உள்ளுக்கு இடமில்லை?” என்று கேட்டேன். அவர், “மேடம், கேள்வி கேக்கிறதெண்டால் அங்கத்தவரா இருக்கவேணும்” என்றார்.

இன்று அங்கத்தவராகிவிட்டேன்.

அந்தப் பிள்ளை யார்?

இராசமலர் குணநாயகம்


கிண்ணியா
27 ஓகஸ்ட் 2018

மதிப்புக்குரிய தலைவி அவர்கட்கு,

அந்தப் பிள்ளை யாரென்று கேட்டிருந்தீர்கள். அரை வருடமாகப் பதில் எழுதவில்லை. அவள் என் மூத்த மகள் சுஹைரா. அப்போதே சொன்னால், மகளுக்கு இடம் கேட்கிறான் என்று நினைத்துவிடுவீர்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது நீங்கள் சங்கத்தின் தலைவியாகிவிட்டீர்கள். இனி மறைத்தால் அதுதான் பிழை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நான் ஆயுளுக்கும் மறக்கமாட்டேன். பழைய தலைவர் உங்களைச் சும்மா படத்துக்கு நிற்க வந்தவர் என்றே கடைசி நிமிடம்வரை நினைத்தார். கிண்ணியாக் கைகளும் மூதூர்க் கைகளும் உங்களுக்காக உயர்ந்தபோது அவர் தண்ணீர்ப் போத்தலைத் தேடினார்.

ஒன்றே ஒன்று சொல்ல அனுமதியுங்கள். சங்கம் படகு வேலைத்தளம் அல்ல. அங்கே நீங்கள் ஒரு சொல் சொன்னால் வேலை நடக்கும். இங்கே ஒவ்வொரு கழகத்துக்கும் ஒரு வாய் இருக்கிறது. வேலை தொடங்குமுன் அந்த வாய்களையெல்லாம் கேட்கவேண்டும். உங்களுக்கு அது சிரமமாக இருக்கும் என்று படுகிறது.

என்னைச் செயலாளராக இருக்கச் சொன்னதற்கு நன்றி. இருக்கிறேன்.

ஏ. எம். ஹஸ்மி

பி.கு: தொலைபேசியில் கதைக்க ஏலாது, எல்லாம் எழுத்தில் வேண்டும் என்று அறிவித்திருக்கிறீர்கள். மெத்தச் சரி. ஆனால் என் கையெழுத்தை வாசிக்க நீங்கள்தான் பாடுபடவேண்டும்.


சீனன்குடா
3 யூன் 2019

ஹஸ்மி சேர்,

முதலில் ஒரு திருத்தம். தலைவி என்று எழுதாதீர்கள். தலைவர். எனக்கு முன்னால் இருந்தவருக்கு என்ன பெயரோ எனக்கும் அதே பெயர்தான்.

முருங்கன் களிமண் வந்து இறங்கிவிட்டது. மழைக்குமுன் புற்தரை ஆடுகளம் எழும்பிவிடும். மெட்டைச் சுருட்டி எறியச் சொல்லிவிட்டேன். நாட்டிய புல்லை மான்கள் வந்து தின்கின்றன. நகரசபைக்கு அறிவித்தால், மான் நகரத்தின் அழகு என்கிறார்கள். அழகு மதிலுக்கு வெளியே நிற்கட்டும் என்று வேலி அடித்திருக்கிறேன்.

இனி முக்கியமான விசயம். ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முஸ்லிம் ஊர்களைப் பார்க்கிற நிலையில் இந்த வருடம் கிண்ணியா, மூதூர் அணிகளைச் சேர்க்கவேண்டாம் என்று மூன்று கழகத்தார் என் கந்தோருக்கு வந்து சொன்னார்கள். “பதட்டமாக் கிடக்குது, மேடம். உங்களுக்கேன் வீண் பிரச்சினை?” என்றார் ஒருவர். “அட்டவணை அச்சடிச்சாச்சு, தம்பி. அதிலை ஒரு எழுத்தும் மாறாது” என்று அனுப்பிவிட்டேன்.

முதற்போட்டியைக் கிண்ணியாவில் வைக்கிறோம். நானே பாலம் கடந்து வந்து நாணயம் சுண்டுவேன். பெண்கள் அணியும் அன்றைக்கே ஆடும். உங்கள் மகளை வரச் சொல்லுங்கள். பீப்பாவுக்குப் போட்டது போதும்.

இராசமலர்


கிண்ணியா
17 யூன் 2019

அன்புள்ள அக்கா,

இப்படி எழுதலாமா என்று தெரியவில்லை. மேடம் என்று எழுதக் கை வரவில்லை.

நீங்கள் போன பிறகுதான் ஊருக்குள் கதை தொடங்கியது. இந்த இரண்டு மாதமாக வெளியாட்கள் எவரும் எங்கள் பக்கம் சும்மா வந்து ஒரு தேநீர் குடிக்கவில்லை. நீங்கள் சோதனைச்சாவடியில் இறங்கி வரிசையில் நின்று வந்தீர்கள். வெயிலில் பிளாஸ்ரிக் கதிரையில் கடைசிப் பந்துவரை இருந்தீர்கள். என் உம்மா பார்த்துவிட்டு, “அந்தப் பெரிய மனுசிக்குக் குடையாவது புடிங்கடா” என்று எங்களை ஏசினார். உங்களிடம் குடையை நீட்டியவனை நீங்கள் ஏசினீர்கள்.

சுஹைரா நான்கு விக்கெட் எடுத்தாள். வீட்டுக்கு வந்து அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. “தலைவர் என்னெயப் பாத்துக் கை தட்டல்ல வாப்பா. மத்த எல்லாருக்கும் தட்டினாங்க” என்றாள். அடுத்த முறை ஐந்து எடு என்றேன்.

ஹஸ்மி


கொழும்பு
9 டிசம்பர் 2022

ஹஸ்மி சேர்,

நேற்று நான் துடுப்பாட்டப் பேரவையின் செயற்குழுவுக்குத் தெரிவானேன். நாட்டின் மைதானங்களையும் அணிகளையும் போட்டிகளையும் தீர்மானிக்கிற மேசை அது. கிழக்கிலிருந்து ஒரு பெண் இதற்குமுன் அந்த மேசையில் இருந்ததில்லை. இங்கே கதவு திறக்கிற பையன் என்னைத் தேநீர் கொண்டுவந்தவர் என்று நினைத்து வேறு வாசலைக் காட்டினான். நான் முன்வாசலால்தான் போனேன்.

இந்த வருடம் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தபோது புதுப்படகு யார் கேட்டார்கள்? ஆட்களை நிற்பாட்ட மனமில்லாமல் படகு வார்க்கிற அச்சுக்குப் பக்கத்திலேயே மைதானத்துக்குக் கதிரைகள் வார்க்கத் தொடங்கினேன். ஏன் அம்மா இவ்வளவு கதிரை, யார் வந்து இருப்பார்கள் என்று என் வேலையாட்களே கேட்டார்கள். இப்போது பதில் இருக்கிறது.

அடுத்த ஓகஸ்ட்டில் ஒரு வெளிநாட்டுப் பெண்கள் அணி இலங்கைக்கு வருகிறது. அவர்கள் ஆடும் ஒரு சர்வதேசப் போட்டி எங்கள் துறைமுக மைதானத்தில் நடக்கும். பேரவையின் தலைமைக்குப் போட்டியிட்ட பெரியவர் வாக்குத் தந்தார். எங்கள் சங்கத்தின் வாக்கை நான் அவருக்குக் கொடுத்தேன். அவர் வென்றார்.

கழகங்களுக்கு அறிவித்துவிடுங்கள்.

இராசமலர்


கிண்ணியா
15 டிசம்பர் 2022

அன்புள்ள அக்கா,

அறிவித்தேன். உப்புவெளியில் வெடி கொளுத்தினார்கள். மூதூரில் ஒருவர் பிறக்கப்போகும் பிள்ளைக்கு உங்கள் பெயர் வைப்பேன் என்கிறார். பெண்பிள்ளைதான் என்று அவருக்கு எப்படித் தெரியுமோ.

எனக்கும் சந்தோசம்தான். அந்த மேசையில் நீங்கள் இருப்பதை நினைத்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் ஒன்றைக் கேட்காவிட்டால் நான் செயலாளராக இருந்து பயனில்லை. அந்த வாக்கு சங்கத்தினுடையது. கூட்டம் கூட்டினீர்களா? யாரையாவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டிருந்தால் நாங்களும் ஓம் என்றுதான் சொல்லியிருப்போம். ஆனாலும் நீங்கள் கேட்கவில்லை.

இன்னொன்று. ஒரு போட்டிக்காக வாக்கைக் கொடுத்தோம் என்று அந்த ஆளுக்குத் தெரியும். நாளைக்கு அந்தப் போட்டியைக் காட்டி வேறென்ன கேட்பார்?

ஹஸ்மி


சீனன்குடா
8 மார்ச் 2023

ஹஸ்மி சேர்,

உங்கள் கடிதத்துக்கு இவ்வளவு நாளாகப் பதில் எழுதாததற்குக் காரணம் வேலை இல்லை. கோபம்.

கூட்டம் கூட்டியிருந்தால் நீங்கள் எல்லாரும் இரண்டு கிழமை கதைத்திருப்பீர்கள். அதற்குள் அந்தப் போட்டி வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கும். எத்தனை வருடமாக நாங்கள் கொழும்புக்குப் பஸ் பிடித்துப் போய் மற்றவர்கள் ஆடுவதைப் பார்த்தோம்? ஒரு முறை அவர்கள் இங்கே வரட்டும் என்று நான் தனியாக முடிவெடுத்தேன். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் செய்வேன்.

வேறென்ன கேட்பார் என்று கேட்கிறீர்கள். கேட்டால் கொடுக்கமாட்டேன். அவ்வளவுதான்.

கதிரைகள் முழுவதும் பொருத்தியாயிற்று. நீல நிறம். கடல் பக்கத்திலிருந்து பார்த்தால் மைதானம் ஒரு பெரிய படகைப் போல இருக்கிறது. ஒரு முறை வந்து பாருங்கள். கோபத்தோடு வந்தாலும் பரவாயில்லை.

தேசியப் பயிற்சி முகாமுக்கு எங்கள் சங்கத்துக்கு ஒரு இடம் தந்திருக்கிறார்கள். தெரிவுக்குழு சுஹைராவின் பெயரைத் தந்தது. நான் கையெழுத்திட்டேன். உங்கள் மகள் என்பதற்காக அல்ல என்பதை எழுத்தில் பதிந்துவைக்கிறேன்.

இராசமலர்


துறைமுக வட்டாரத் துடுப்பாட்டச் சங்கம்
14 யூலை 2023

தலைவர் அவர்கட்கு,

ஓகஸ்ட் மாதம் எமது மைதானத்தில் நடைபெறவிருந்த சர்வதேசப் போட்டி வேறு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டுள்ளது. மைதானம் தகுதியற்றது என்பதே காரணம் எனப் பத்திரிகையில் வந்துள்ளது. பேரவையின் செயற்குழுவிலும் தங்கள் பெயர் இப்போது இல்லை.

கடந்த மாத இறுதியில் கொழும்பில் நடந்த கூட்டத்திலிருந்து தாங்கள் பாதியில் எழுந்து வந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறோம். என்ன நடந்தது என்று நான் இருமுறை எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. நேரில் வந்தேன். “படகிலை வேலை கிடக்குது, சேர்” என்று சொல்லி உள்ளே போய்விட்டீர்கள்.

கழகங்கள் கொதித்துப்போயிருக்கின்றன. நிலாவெளியில் விருந்தினர் விடுதிக்காரர்கள் சுவருக்குப் பூச்சுப் பூசிக் காத்திருந்தார்கள். பிள்ளைகள் கொடி தைத்தார்கள். அவர்களுக்கு ஒரு காரணம் சொல்லவேண்டும்.

இம்மாத முடிவுக்குள் எழுத்தில் விளக்கம் தரவும். தவறினால் ஓகஸ்ட் 6ஆம் திகதி நம்பிக்கையில்லாப் பிரேரணைக்காக விசேட கூட்டம் நடைபெறும்.

ஏ. எம். ஹஸ்மி
செயலாளர்


சீனன்குடா
16 யூலை 2023

செயலாளர் அவர்கட்கு,

மைதானம் தகுதியானது. பத்திரிகையில் வந்தது பொய். அதை மறுத்து அவர்களுக்கு எழுதிவிட்டேன்.

வேறு விளக்கம் எதுவும் என்னிடமிருந்து வராது.

ஓகஸ்ட் 6ஆம் திகதிக் கூட்டத்துக்கு வருவேன். சங்கத்தின் யாப்புப்படி கூட்டத்துக்குத் தலைமை தாங்கவேண்டியவர் தலைவர். நானே தலைமை தாங்குவேன்.

இராசமலர் குணநாயகம்
தலைவர்


கிண்ணியா
7 ஓகஸ்ட் 2023

அக்கா,

நேற்று என் கையும் உயர்ந்தது. பின்வரிசையில் ஒளிந்திருந்து உயர்த்தவில்லை. முன்னால் இருந்தேன். உங்களுக்கெதிரான கைகளை நீங்களே எண்ணினீர்கள். என் கையை எண்ணும்போது ஒரு கணம் நின்றீர்கள். பிறகு அடுத்த கைக்குப் போனீர்கள். எண்ணி முடித்ததும், “பிரேரணை நிறைவேறியது. தேநீர் பக்கத்து அறையிலை இருக்குது” என்றீர்கள். உங்களைக் கவிழ்த்தவர்கள் எல்லாரும் நீங்கள் ஏற்பாடு செய்த தேநீரைக் குடித்தார்கள். நான் கோப்பையை அப்படியே வைத்துவிட்டேன்.

காரணத்தை நேரில் சொல்லவே வந்தேன். அதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். எழுதிவிடுகிறேன். போட்டி போனதற்காக நான் கை உயர்த்தவில்லை. வாக்கைத் தனியாகக் கொடுத்தீர்கள். போட்டியைத் தனியாக இழந்தீர்கள். ஏனென்று கேட்டால் எங்களைப் பதில் பெறத் தகுதியானவர்களாகக் கூட நினைக்கவில்லை. அப்படிப்பட்டவர் தலைவராக இருக்கக்கூடாது என்று நினைத்தேன். இப்போதும் நினைக்கிறேன்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்கா. ஒரு வார்த்தை.

புதிய நிர்வாகம் மைதானத்துச் சாவிகளைக் கேட்கிறது. என்னைக் கேட்கச் சொன்னார்கள்.

ஹஸ்மி


சீனன்குடா
10 ஓகஸ்ட் 2023

ஹஸ்மி சேர்,

சாவிகளைக் கொண்டுவருபவரிடம் இதையும் தருகிறேன்.

உருளையை ஈரத்தில் இழுக்கவேண்டாம். வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆடுகளம் வெடிக்கும். காலையில் தண்ணீர் விடவேண்டும். வேலியின் தெற்கு மூலையில் ஒரு மான் நுழையப் பழகிவிட்டது. அடைத்துவிடுங்கள். செவ்வாயும் வியாழனும் பின்னேரம் பெண்பிள்ளைகளுக்கு உரியது. யார் கேட்டாலும், எந்த அமைச்சர் கேட்டாலும் விட்டுக்கொடுக்கவேண்டாம்.

எனக்குக் கோபமில்லை என்று எழுதினால் பொய். உங்கள் கையைப் பார்த்தபோது கோபம் வந்தது. பிறகு உங்கள் கடிதத்தை வாசித்தேன். நீங்கள் சொன்ன காரணம் நல்ல காரணம். மற்றவர்கள் எல்லாரும் போட்டிக்காக உயர்த்தினார்கள்.

நான் இருந்த உவர்மலை வீட்டை விற்றுவிட்டேன். நீங்கள் வேறு யாரிடமாவது கேட்டு வருத்தப்படுமுன் நானே சொல்கிறேன். கொழும்புப் பக்கத்து விடுதிகள் கேட்டிருந்த படகுகள் எல்லாம் ஒரே கிழமையில் வேண்டாமென்றாகிவிட்டன. பெரியவருக்குச் சிநேகிதர்கள் அதிகம். ஆட்களில் பாதிப்பேரை அனுப்பவேண்டி வந்தது. கந்தோருக்கு மேலே ஒரு அறை இருக்கிறது. ஒரு மனுசிக்குப் போதும். யன்னலைத் திறந்தால் துறைமுகம் தெரிகிறது. உவர்மலையில் அது தெரியவில்லை.

இராசமலர்


கிண்ணியா
18 பெப்ரவரி 2024

அன்புள்ள அக்கா,

இந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் எறிந்துவிடாதீர்கள்.

சுஹைரா முகாமிலிருந்து லீவில் வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது பழைய கூட்டத்தைப் பற்றி எப்படியோ கதை வந்தது. அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, “வாப்பா, நீங்களும் கை ஒசத்தினீங்களா?” என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

“அவங்க ஏன் எழும்பி வந்தாங்கண்டு ஒங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது என்றேன். அப்போதுதான் சொன்னாள். முகாமில் பயிற்றுநராக இருக்கும் தயாளினி என்ற மட்டக்களப்புப் பிள்ளை அந்தக் கூட்டத்தில் பெயர்ப்பட்டியல் வாசிக்கப் போயிருந்தாளாம். எங்கள் சங்கத்தின் இடத்துக்கு சுஹைராவின் பெயரை வாசித்ததும் பெரியவர் நிறுத்தி, அந்த இடத்தைத் தன் தம்பியின் மகளுக்குக் கொடுக்கச் சொன்னாராம். அந்தப் பிள்ளை கொழும்பை விட்டு வெளியே ஆடியதில்லையாம். “ஒரு கையெழுத்துத்தானே, மேடம். உங்களுக்கு உங்கட போட்டி முக்கியமில்லையா?” என்றாராம். நீங்கள், “அந்தப் பிள்ளை எங்கட மைதானத்திலை ஒரு பந்து போட்டிருந்தாலும் யோசிப்பன்” என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தீர்களாம். “கவனமா யோசியுங்கோ” என்று அவர் பின்னால் சொன்னாராம். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லையாம்.

அந்தப் பெயர்ப்பட்டியலை உடனே பத்திரிகைக்கு அனுப்பிவிட்டீர்களாம். அதனால்தான் அவர்களால் சுஹைராவின் பெயரை மாற்ற முடியவில்லை. போட்டியைத்தான் மாற்ற முடிந்தது.

தயாளினி தன் வேலைக்குப் பயந்து இத்தனை மாதம் சொல்லாமல் இருந்திருக்கிறாள். மகள் எழுந்து கைகழுவப் போய்விட்டாள். என் மகளுக்காக எல்லாவற்றையும் விட்ட மனுசிக்கு எதிராக நான் கை உயர்த்தியிருக்கிறேன்.

இதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லப்போகிறேன். சொல்லிவிட்டுச் செயலாளர் பதவியை விடுகிறேன். ஏன் என்னிடம் மறைத்தீர்கள்?

ஹஸ்மி


சீனன்குடா
25 பெப்ரவரி 2024

ஹஸ்மி சேர்,

பிரித்தேன். வாசித்தேன்.

உங்கள் மகளுக்காக நான் ஒன்றையும் விடவில்லை. அதை முதலில் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். அவள் எங்களிடமிருந்த நல்ல பந்துவீச்சாளர். தெரிவுக்குழு தந்த பெயர். அந்த இடத்தில் வேறொருத்தியின் பெயர் இருந்திருந்தாலும் நான் எழுந்துதான் வந்திருப்பேன். அப்படியில்லாமல் கையெழுத்திட்டிருந்தால் நான் படகு விற்கிற வியாபாரி மட்டும்தான். தலைவர் அல்ல.

ஏன் மறைத்தேன் என்று கேட்கிறீர்கள். கொடி தைத்து வைத்திருந்த ஊருக்கு நான் என்ன சொல்வது? கிண்ணியாப் பிள்ளை ஒருத்தியின் இடத்தைக் காக்கப்போய் உங்கள் போட்டி போய்விட்டது என்றா? நல்லவர்கள் ஓம் சரி என்பார்கள். மற்றவர்கள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கும் தெரியும். 2019இல் என் கந்தோருக்கு வந்தவர்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. ஒரு கூட்டம் ஒரு பக்கம், இன்னொரு கூட்டம் மறுபக்கம் என்று மைதானம் இரண்டாகியிருக்கும். இருபது வயதுகூட ஆகாத பிள்ளை ஒவ்வொரு பந்து போடும்போதும் அதைத் தலையில் சுமந்திருக்கும். அவளுக்கு அடி விழுந்தால், இவளுக்காகவா எங்கள் போட்டி போனது என்பார்கள். என்னைத் திமிர்பிடித்தவள் என்று சொல்லிவிட்டுப் போகட்டும். எனக்கு அது பழக்கம்.

உங்களிடம் மட்டும் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீங்கள் கூட்டத்தில் எழுந்து கத்தியிருப்பீர்கள். இப்போது செய்யப்போகிறேன் என்று எழுதியிருப்பதைத்தான் அப்போதும் செய்திருப்பீர்கள்.

அந்த வாக்கைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. கூட்டத்தைக் கூட்டியிருக்கவேண்டும். விலை பேசிக் கொடுத்த வாக்கு என்பதால்தான் அந்த மனுசன் என்னிடம் அப்படிக் கேட்கத் துணிந்தார். இதைத் தவிர வேறெதையும் நான் பிழையென்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கூட்டத்தில் ஒரு சொல் சொல்லக்கூடாது. பதவியை விடவும் கூடாது. நீங்கள் விட்டால் செவ்வாயும் வியாழனும் யார் பார்ப்பது?

இராசமலர்


கிண்ணியா
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நீங்கள் சொன்னபடியே வாய் திறக்கவில்லை. இது எனக்கு எவ்வளவு கஸ்டம் என்று என் வீட்டில் கேட்டுப்பாருங்கள். நேற்று மைதானத்தில் நடந்த கூட்டத்தில் ஒருவர் உங்களைப் பற்றி ஏதோ சொன்னார். “அவ கட்டின ஆடுகளத்திலை நிண்டுகொண்டு கதைக்கிறீங்க, கொஞ்சம் தள்ளி நிண்டு கதையுங்க” என்றேன். இதையும் சொல்லக்கூடாது என்று நீங்கள் எழுதவில்லை.

இப்போது ஒரு உதவி கேட்கிறேன். சுஹைரா இலங்கை ‘ஏ’ அணியில் எடுபட்டுவிட்டாள். அல்ஹம்துலில்லாஹ். அடுத்த மாதம் கொழும்பில் முதற்போட்டி. எனக்குச் சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வைக் கடமை. லீவு கேட்டேன், ஏலாது என்றுவிட்டார்கள். அவள் உம்மாவுக்குப் பஸ் பயணம் ஒத்துவராது.

எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் அங்கே இருக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. வேறு யாரிடம் கேட்பேன்?

ஹஸ்மி


கொழும்பு
9 மே 2024

ஹஸ்மி சேர்,

போனேன். இன்றிரவு பஸ்ஸில் திரும்புகிறேன். அதற்குமுன் எழுதிவிடுகிறேன்.

பொதுமக்கள் பக்கத்துக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு இருந்தேன். நல்ல வெயில். பெரியவர் தன் பரிவாரத்தோடு கீழே நடந்துபோனார். என்னைக் கண்டுவிட்டு நின்றார். எல்லாருக்கும் கேட்கும்படி, “ஏன் மேடம் இங்கே இருக்கிறீங்கள்? மேலே வாங்க, குளிரூட்டின இடம் இருக்கு” என்றார். நான் எழும்பவில்லை. “இல்லை, எங்கட பிள்ளை பந்து போடுறது இங்கயிருந்துதான் வடிவாத் தெரியுது” என்றேன். அவர் பரிவாரத்தோடு மேலே போய்விட்டார்.

இனி ஆட்டம். முதல் ஓவரில் அவளுக்கு நல்ல அடி. இரண்டு பந்து அகலமாகப் போனது. எங்கள் அணித் தலைவி உடனே அவளை நிறுத்திவிட்டாள். எல்லைக்கோட்டடியில் வந்து நின்றபோது அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. பந்தை எடுத்து எறிவதும் மறுபடி போய் நிற்பதுமாக இருந்தாள். வெளிநாட்டுப் பிள்ளைகள் ஓட்டத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள். கடைசிப் பக்கமாகத்தான் மறுபடி கூப்பிட்டார்கள். முதற்பந்து மிடில் ஸ்டம்பைப் பிடுங்கியது. அடுத்த ஓவரில் அவர்களின் தலைவி பின்காலில் நின்று தடுக்கப் பார்த்தாள். பந்து உள்ளே திரும்பி ஸ்டம்பில் பட்டது. அதற்குப் பிறகு அவளை யாரும் அடிக்கவில்லை. எங்கள் அணி தோற்றது. அது துடுப்பெடுத்தவர்களின் பிழை.

முடிந்த பிறகு பையைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். “வாப்பா வரல்லையா?” என்றாள். பரீட்சைக் கடமை என்றேன். “நான் எப்பிடிப் போட்டேன், மேடம்?” என்று கேட்டாள். “முதல் ஓவர் கேவலம். பிறகு பரவாயில்லை” என்றேன். சிரித்தாள். நீங்கள் எப்போதுமே கை தட்டமாட்டீர்கள் என்று வாப்பாவிடம் சொல்லியிருக்கிறேன் என்றாள்.

அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். அந்த இரண்டாவது விக்கெட் விழுந்தபோது அந்தப் பகுதி முழுவதிலும் நான் ஒருத்திதான் எழுந்து நின்றேன். வளையல் உடையும்வரை தட்டினேன். பக்கத்தில் குடையோடு இருந்த சிங்கள மனுசி என் சேலையைப் பிடித்து இழுத்து, உங்கள் மகளா என்று கேட்டார்.

இல்லை, நான் அவவின்ரை சங்கத்துத் தலைவர் என்றேன்.

இராசமலர்